சரிவில் நிற்கும் மீன் எக்கோ சவுண்டரில் தெரியாது

கேள்வி: தூத்துக்குடியில் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். 22 மீட்டரிலிருந்து சட்டென்று 36 மீட்டருக்கு இறங்கும் ஓரிடத்தை எக்கோ சவுண்டரில் (ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) கண்டுபிடித்து, ஜிபிஎஸ்ஸில் குறித்து, நேர் மேலே நங்கூரம் போட்டுத் தூண்டில் இறக்கினோம். மூன்று ஞாயிறும் பொடிமீன்தான். கொஞ்சம் தள்ளி வள்ளத்தில் இருந்த பெரியவர் கலவா மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். எங்கே தவறு?

பதில்: முதலில் நங்கூரக் கயிற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் பிடிக்க 75 மீட்டர் கயிறாவது விட்டிருப்பீர்கள். கயிறு இழுபட்டு நிற்கும்போது படகு நங்கூரத்திலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளிக் கிடக்கும். சரிவுக்கு நேர் மேலே போட்டது நங்கூரத்தை. தூண்டில் இறங்கியதோ வெறும் மணலில். பெரியவர் நிற்கும் இடம் உங்களுக்குத் தள்ளித் தெரிவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

அடுத்து, சரிவு முழுக்க மீன் பரவி நிற்காது. எங்கே நிற்கும் என்பதை நீவாடு, அதாவது நீரோட்டம்தான் முடிவு செய்கிறது. ஆழத்திலிருந்து மேட்டை நோக்கி நீர் ஓடினால், சரிவில் மோதி மேலே ஏறும். நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்னும் சிறுமீன்களும் அதோடு விளிம்புக்கு வந்து சேரும். பாறை மீனும் ஊளியும் அந்த விளிம்புக்கு மேலேயே சுற்றும். நீர் மேட்டிலிருந்து ஆழத்துக்கு ஓடினால் கதை வேறு. விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓட்டம் குறைந்த ஒதுக்கு உண்டாகும். கலவா, விளமீன் எல்லாம் அங்கே ஒண்டிக்கொண்டு, மேலிருந்து அடித்து வருவதற்காகக் காத்திருக்கும். காலையில் மீன் கொடுத்த இடம் மதியம் ஓட்டம் திரும்பியதும் வெறுமையாவது இதனால்தான்.

எஞ்சினை நிறுத்தி ஜிபிஎஸ்ஸில் படகு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும் என்று நினைப்போம். காற்றும் சேர்ந்து தள்ளுவதால் அது பாதி உண்மைதான். கச்சான் காற்று பலமாக வீசும் நாளில் படகு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம். சரிவில் ஏற்கெனவே போட்டுக் கிடக்கும் மீன்பொறியின் மிதவை கண்ணில் பட்டால், அதன் கயிறு சாயும் திசையை நம்பலாம்.

சரி, எக்கோ சவுண்டர் ஏன் கைவிட்டது? அதன் ஒலி கூம்பு போல விரிந்து இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு என்றால் 30 மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டருக்கு மேல் அகலமான வட்டம். அந்த வட்டத்துக்குள் எது அருகில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் திரும்பி வரும். சரிவில் அது மேட்டு விளிம்பு. விளிம்புக்குக் கீழே ஒட்டி நிற்கும் மீனின் எதிரொலி தரையின் தடித்த கோட்டுக்குள் மறைந்துபோகும். ஆகவே திரையில் மீன் இல்லை என்பதற்காக எஞ்சினைக் கிளப்பாதீர்கள். சரிவைக் குறுக்காக, மெதுவாக, இரண்டு மூன்று முறை கடந்து, ஒவ்வொரு முறையும் விளிம்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் விளிம்பு நேராக ஓடவில்லை, மூக்கு போல நீட்டியும் உள்வாங்கியும் இருப்பது தெரியும். என் அனுபவத்தில் முதலில் தூண்டில் போட வேண்டியது அந்த மூக்கில்தான்.

புதிய இடத்தில் நங்கூரமே வேண்டாம் என்பேன். படகு வந்து சேரும் திசையில் ஐம்பது மீட்டர் முன்னதாக எஞ்சினை அணைத்து, மிதந்தபடி விளிம்பைக் கடந்து போங்கள். மேட்டிலிருந்து ஆழத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஈயம் தரையைத் தொடுவது நின்றதும் நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். எதிர்த்திசை என்றால் விளிம்பு வருவதற்கு முன்பே சுற்றி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாரில், அதாவது கடலடிப் பாறையில் மாட்டும். மீன் கடித்த உடனே ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். மீனைப் படகில் ஏற்றிவிட்டுக் குறிக்கலாம் என்றால் அதற்குள் படகு எங்கோ போயிருக்கும்.

நூல் செங்குத்தாக இறங்க வேண்டும். 45 டிகிரி சாய்ந்தால் 40 மீட்டர் நூல் விட்டும் 28 மீட்டர் ஆழம்தான் போகும். 150 கிராம் ஈயத்தில் தொடங்கி, சாய்வைப் பார்த்துக் கூட்டுங்கள். இரைக்குக் கணவாய்த் துண்டு போதும். பொடிமீன்கள் கொத்திக் கொத்தி இழுத்தாலும் தூண்டிலை விட்டு எளிதில் கழன்று வராது. கலவா கடித்தால் முதல் மூன்று நான்கு மீட்டர்தான் போராட்டம். அதற்குள் மேலே தூக்காவிட்டால் பொந்துக்குள் புகுந்துவிடும். அங்கே நூல் விட்டு விளையாட்டுக் காட்டக் கூடாது.

சிறிய கலவாவைத் திருப்பி விடுவதாக இருந்தால் சும்மா தூக்கிப் போடாதீர்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு. மேலே வரும்போது காற்றுப்பை ஊதி, மீன் வயிறு மேலாக மிதந்தே செத்துப்போகும். முள் மழுங்கிய தூண்டிலில் ஈயத்தைக் கட்டித் தலைகீழாக்கி, கீழ்த்தாடையில் மாட்டி ஆழத்துக்கு இறக்கி நூலைச் சட்டென்று ஒரு சுண்டு சுண்டினால் கழன்று நீந்திப் போய்விடும்.

அப்புறம், இடம் பழகி நங்கூரம் போடத் தொடங்கும்போது வளைந்து கொடுக்கும் கம்பிக் கொக்கி நங்கூரமாகப் பார்த்து வாங்குங்கள். நான் முதல் வருடம் இரண்டு நல்ல நங்கூரங்களைப் பாரிலேயே விட்டுவிட்டு வந்தவன். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ஐச் சுற்றிய தேசியப் பூங்கா எல்லைக்குள் மட்டும் தூண்டிலும் கூடாது, நங்கூரமும் கூடாது. ஜிபிஎஸ்ஸில் முதலில் அந்த எல்லையைப் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.