நத்தார் விருந்தும் மூன்று பவுண் காப்பும்

கேள்வி: மல்லாவிப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறோம். மாமா செத்த பிறகு நத்தாருக்கு இவரின் சகோதரங்கள், எங்களோடு சேர்த்து ஐந்து குடும்பமும், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பெரியவர்கள் 18 பேர், பிள்ளைகள் 8 பேர். போன வருடச் செலவு 80,000 ரூபா: ஆட்டிறைச்சி 8 கிலோ 26,000, கோழியும் இறாலும் 13,000, அரிசி, மரக்கறி, எண்ணெய் 9,000, கேக்கும் பலகாரமும் 14,000, மற்றவை 18,000. மூன்று வருடத்துக்கு முந்தின நத்தாருக்கு என்னுடைய இரண்டு சோடிக் காப்பை, மூன்று பவுண், தனியார் அடைவுக் கடையில் 180,000 ரூபாவுக்கு வைத்தோம். ஒரு இலட்சம் வயலுக்குப் போனது, மிச்சம் விருந்துக்கு. அடுத்த நத்தாருக்கு அதே காப்பில் 60,000, போன நத்தாருக்கு 70,000 கூட்டி எடுத்தோம். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு. கனடாவில் இருக்கிற இவரின் தமையன் அன்றைக்கு எல்லாரையும் வீடியோவில் பார்க்கவேண்டும் என்பார். 25,000 அனுப்புவார், அதுவும் நத்தார் முடிந்துதான் கைக்கு வரும். இந்த முறை சமைக்காமல் வவுனியாவில் ஒரு ஹொட்டேல் பஃபேக்குப் போகலாம் என்று தம்பி சொல்கிறான். தலைக்கு 4,500 ரூபா, அவனுடைய கிரெடிட் காட்டில் 12 மாதத் தவணை, வட்டி இல்லையாம். வீடா, ஹொட்டேலா, எது இலாபம்? காப்பில் இன்னும் 80,000 எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். நகைக்கடையில் விசாரித்தபோது ஒரு சோடி விற்றால் மூன்றரை இலட்சத்துக்குக் குறையாது என்றார்கள்.

பதில்: வீடா ஹொட்டேலா என்பதைப் பிறகு பார்ப்போம். கடிதத்தில் என்னை நிறுத்தியது “கூட்டி எடுத்தோம்” என்ற சொல்தான். கூட்டி எடுக்கும்போது பழைய வட்டியைக் கையால் கட்டினீர்களா, அல்லது புது அடைவுத் துண்டின் தொகையோடு சேர்த்து எழுதினார்களா? நீங்கள் சொல்லவில்லை. ஆனால் மார்கழியில் வயல் வீட்டில் அவ்வளவு காசு இருந்திராது. அதனால் சேர்த்து எழுதினார்கள் என்றே கணக்குப் போடுகிறேன்.

முதல் வருட வட்டி 43,200. அதோடு 180,000, கையில் வாங்கிய 60,000, ஆக இரண்டாவது துண்டு 283,000 சொச்சம். அதற்கு ஒரு வருட வட்டி 68,000. கையில் 70,000. மூன்றாவது துண்டு 421,000. அதற்கு இந்த வருட வட்டி 101,000. இன்றைக்குக் காப்பை மீட்கப் போனால் 522,000 கேட்பார்கள். நீங்கள் மூன்று தடவையிலும் கையில் வாங்கியது 310,000 மட்டும். மிச்சம் 212,000 முழுக்க வட்டி. துண்டை எடுத்து முதல் தொகையைப் பாருங்கள், என் கணக்கிலிருந்து சில நூறு ரூபாதான் வித்தியாசம் வரும்.

கடைக்காரர் இன்னும் 80,000 தருவதற்குக் காரணம் தங்கம் ஏறியிருப்பது. அதை வாங்கினால் துண்டு 602,000. அடுத்த நத்தாருக்கு வட்டியோடு 746,000. ஒரு சோடி மூன்றரை இலட்சம் என்றால் இரண்டு சோடியும் ஏழு இலட்சம். அதாவது மீட்காமல் இன்னும் ஒரே ஒரு நத்தார் போனால் கடன் காப்பின் விலையைத் தாண்டிவிடும். தங்கம் கொஞ்சம் இறங்கினால் அதுக்கு முதலே பதிவுத் தபாலில் ஏல அறிவித்தல் வரும். 80,000 ரூபா விருந்து உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவரவில்லை. வட்டியை முதலோடு சேர்க்க விட்டதுதான் கொண்டுவந்தது. அந்த வட்டியே இந்த வருடம் விருந்தை விடப் பெரிது. 2025 மாசியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அந்த விலைக்கு 101,000 ரூபா என்றால் 840 கிலோ நெல்.

எனவே இந்த மார்கழியில் கூட்டி எடுக்கவே கூடாது. இது பேரம் பேசுகிற விசயம் அல்ல.

ஒரு சோடியை விற்றுவிடுங்கள். “ஊர் என்ன சொல்லும்” என்று மாமி கேட்பார். காப்பு மூன்று வருடமாக உங்கள் கையில் இல்லை என்பது ஊருக்கு எப்போதோ தெரியும். 522,000 கட்டி இரண்டு சோடியையும் மீட்டு, ஒரு சோடியை 350,000க்கு விற்றால் மிச்சம் 172,000. மற்றச் சோடியை இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ அந்தத் தொகைக்கு வையுங்கள். வங்கி வட்டி வருடத்துக்கு 12 வீதம் என்று வைத்தால் மாதம் 1,720 ரூபா. இப்போது ஓடுவது மாதம் 8,420. வங்கியில் அன்றைய வீதத்தையும், ஒரு பவுணுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதையும் முதலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது தவணை முடியும் நாளையும் கேளுங்கள். பங்குனிக்குப் பிறகு விழும்படி இருந்தால்தான் அறுவடைக் காசு அதற்குள் வரும்.

சிக்கல் ஒன்று. மீட்க ஒரு நாளுக்கு 522,000 கையில் வேண்டும். அதற்குத்தான் கனடாத் தமையன். விருந்துக்கு 25,000 அனுப்புகிற மனிதரிடம் பத்து நாள் கைமாற்றுக் கேட்பது குறைச்சல் இல்லை. விற்ற காசும் வங்கிக் காசும் சேர்ந்தால் அவருடைய தொகை சரியாகத் திரும்பிவிடும். கேட்பது உங்கள் கணவராக இருக்கட்டும். நீங்கள் கேட்டால் “மருமகள் மறித்துப்போட்டாள்” என்ற கதைதான் ரொறொன்ரோவுக்குப் போகும். இப்படி ஒரு வட்ஸ்அப் போதும்:

“அண்ணை, காப்பு அடைவில நிக்குது, அஞ்சே கால் இலட்சம். எடுத்து ஒரு சோடியை வித்து, மற்றதை வங்கியில வைக்கப் போறம். பத்து நாளைக்குத் தந்தீங்களெண்டால் அப்பிடியே திருப்பிப் போடுவன். நத்தாருக்கு அனுப்பிற காசை இந்தமுறை 15ஆம் திகதிக்கு முதல் போடுங்கோ. கைக்கு வாற காசுக்குள்ளதான் சமைப்பம். எல்லாரும் வருவினம், வீடியோவில பாக்கலாம்.”

அவர் முடியாது என்றால், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அடைவு நகையைத் தாங்களே காசு கட்டி மீட்டு வாங்குகிற கடைகள் உண்டு. பவுணுக்குச் சில ஆயிரம் குறைப்பார்கள். இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு, ஒரு சோடிதான் விற்பனைக்கு என்பதைக் காசு கைமாறுமுன் எழுத்தில் வாங்குங்கள். அடைவுக் கடைக்காரருக்கே விற்கவேண்டாம். பாரத்தில் அழுக்கு, பற்றாசு என்று கழித்த பிறகுதான் அவர் விலை சொல்வார். வயல் செலவுக்கென்று காசு தர வரும் கிழமைக் கடன் கொம்பனிப் பிள்ளைகளையும், போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளையும் இந்த மாதம் வாசலோடு அனுப்புங்கள்.

இனி ஹொட்டேல். 4,500 என்பது பதாகையில் உள்ள விலை. பெரியவர்கள் 18 பேருக்கு 81,000, பிள்ளைகளுக்கு அரை விலை என்றால் 18,000, மொத்தம் 99,000. அதன்மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18 வீதம் வற் வரி. பில் 128,500 ரூபா வரும். மாங்குளம் வழியாகப் போய்வர இரண்டு ஹயஸ் வான் பிடித்தால் எல்லாமாக ஒன்றரை இலட்சம். விலை “எல்லாம் அடங்கியதா” என்று தம்பி கேட்டிருக்கமாட்டான்.

வட்டி இல்லாத் தவணையும் உங்களுக்குச் சரிவராது. பில்லுக்கு மட்டும் மாதம் 10,700 ரூபா. அது மாதச் சம்பளக்காரருக்குப் போட்ட கணக்கு. உங்களுக்குக் காசு வருவது போகம் முடிந்துதான். தை மாதத் தவணையை எதில் கட்டுவீர்கள்? ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம், பிறகு கிரெடிட் காட்டின் வழக்கமான வட்டி. எல்லாம் தம்பியின் பேரில். சில வங்கிகள் வட்டி இல்லை என்றுவிட்டு ஆரம்பக் கட்டணம் என்று ஒரு தொகையை முதலிலேயே கழித்துக்கொள்ளும். இது வேண்டாம்.

ஆள் சமைக்க முடியாத நிலை என்றால் பார்சல் புரியாணி பரவாயில்லை. 26 பார்சல், 900 ரூபா வீதம் 23,400. அதில் பிழைக்கிற இடம் நேரம். 25ஆம் திகதி ஓடர் நெருக்கத்தில் காலை ஒன்பது மணிக்கே கட்டித் தந்துவிடுவார்கள், நீங்கள் சாப்பிடும்போது ஒன்றரை மணி. சுடச்சுட மூடிய கோழிச் சோறு அவ்வளவு நேரம் தாங்காது. பதினொன்றரைக்கு முதல் கட்டவேண்டாம் என்று முற்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

நான் சொல்வது பங்கு ஆடும் பங்குச் சமையலும். நடுக் கார்த்திகையில், விலை ஏறுமுன், ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒரு ஆட்டைப் பேசி வையுங்கள். உயிரோடு 25 கிலோ நிற்கிற ஆட்டில் எலும்போடு 11 கிலோ அளவில் இறைச்சி விழும். குடும்பத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் ஒரு பங்கு. வழக்கமாக இடறுவது எல்லாரும் இறைச்சிக் கறியோடு வருவது. ஐந்து சட்டி இறைச்சி இருக்கும், சோறு இருக்காது. அதனால் ஒவ்வொரு பங்கிலும் ஒரு கிலோ உங்கள் வீட்டுக்கு 24ஆம் திகதி பின்னேரமே வரட்டும், ஒரே சட்டியில் ஒரு கை காய்ச்சட்டும். மற்றவர்களுக்குப் பேர் எழுதிப் பிரியுங்கள்: ஒருவர் நாலு கிலோ கோழி, ஒருவர் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும், ஒருவர் கேக், ஒருவர் சோடாவும் பழமும். உங்கள் பங்கு சம்பா 4 கிலோ, பருப்பு ஒரு கிலோ, அப்பளம், இறைச்சியின் சரக்குச் சாமான். ஆட்டுப் பங்கோடு 15,000 ரூபாவுக்குள் முடியும். தமையன் அனுப்பும் 25,000இல் 10,000 மிஞ்சும். மழைக்கு விறகு ஈரமாகும், நாலு நாள் முதலே அடுப்படிக்குள் அடுக்குங்கள்.

“மற்றவை 18,000” என்று நீங்கள் எழுதியது எது என்று எனக்கும் தெரியும், உங்கள் கணவருக்கும் தெரியும். குடிக்கிறவர் கொண்டுவரட்டும்.

இரவும் நிற்கிறவர்களுக்கு ஒடியற் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ ஒடியல் மா காணும். மாவை ஊறவிட்டுத் தெளிந்த தண்ணீரை இரண்டு மூன்று தரம் ஊற்றிவிட்டால்தான் கசப்புப் போகும். பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை முதலில் அவியட்டும், பிறகு மீன், நண்டு, இறால். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த மாவை எல்லாம் வெந்த பிறகு ஊற்றித் தணலில் துழாவுங்கள். முந்தினால் அடிப்பிடிக்கும். மார்கழிக் கடல் குழம்பி முல்லைத்தீவு மீன் விலை ஏறினால் திருக்கைக் கருவாடும் நல்லது.

பங்குனியில் நெல்லு விற்ற காசு வந்ததும் முதல் வேலை வங்கி. போன போகத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 172,000 இல் பாதியாவது அன்றைக்கே கட்டுங்கள், மிச்சத்துக்குச் சிறுபோகம் இருக்கிறது. அதே நாளில் 20,000 ரூபாவைக் கணவரின் பேரில் இல்லாமல் உங்கள் பேரில் ஒரு சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள், அதுதான் அடுத்த நத்தார். சீட்டுப் பிடிக்கச் சொல்லி மச்சாள் கேட்டால், கார்த்திகையில் உங்களுக்குக் கழிவில்லாமல் விழும் என்றால் மட்டும் சேருங்கள்.