"எதிர்பார்க்கவே இல்லை"

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்ந்த கறுப்பினப் பெண், அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்தவர், கூட்டத்தில் பிரமாதமாகப் பேசினார். முடிந்ததும் "எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்! எதிர்பார்க்கவே இல்லை" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மனதாரப் பாராட்டியதற்கு ஏன் இந்தக் கோபம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மனதாரத்தான் சொன்னீர்கள், நம்புகிறேன். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவரிடம் வேறு என்ன எதிர்பார்த்தீர்கள்?

இந்தக் காயம் பழையது. பிரெடரிக் டக்ளஸ் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியவர். 1841 முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசினார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் அடிமையாக இருந்திருக்கவே முடியாது என்று கேட்டவர்கள் சந்தேகப்பட்டார்கள். கூட நின்ற வெள்ளைக்கார நண்பர்களே, பேச்சில் கொஞ்சம் தோட்டத்து அடிமைகளின் வாடை இருக்கட்டும், ரொம்பப் படித்தவர்போலத் தோன்ற வேண்டாம் என்று யோசனை சொன்னார்கள். சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைக்க 1845இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தன. சட்டப்படி அவர் இன்னும் அடிமைதான்; ஆள் பிடிக்க வருவார்கள் என்ற பயத்தில் கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போனார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி 1846இல் அவருடைய விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். நன்றாகப் பேசிய குற்றத்துக்கு இவ்வளவு!

2007இல் ஜோ பைடனும் ஒபாமாவைப் புகழத்தான் செய்தார்: தெளிவாகப் பேசுகிற, புத்திசாலியான, சுத்தமான முதல் கறுப்பின வேட்பாளர் என்ற பொருளில். ஒபாமா தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. ஜெஸ்ஸி ஜாக்சன், ஷெர்லி சிஷோம் என்று அதிபர் பதவிக்கு முன்பே முயன்ற கறுப்பின முன்னோடிகளின் பெயரைச் சொல்லி, அவர்களைப் பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றார். புகழ்ச்சி ஒருவருக்கு, இழிவு அவருடைய சனத்துக்கு. அதை வாங்கிக்கொண்டு அவர் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

நம் ஊரிலும் "பாய், தமிழ் இவ்வளவு நல்லாப் பேசுறீங்களே!" என்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகத் தமிழே வீட்டுமொழியாக உள்ளவரிடம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் இரண்டு வார்த்தையில் மன்னிப்புக் கேளுங்கள். 'அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்ற நீண்ட விளக்கம் வேண்டாம். உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். அடுத்த கூட்டத்தில் அவர் சொல்லும் கருத்தில் எது பிடித்ததோ, அதைப் பற்றி அவரிடம் பேசுங்கள்.