உரிமத்தை அளந்து கொடுங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வேளச்சேரியில் இருக்கிறேன், பொறியியல் கல்லூரி ஆசிரியை. இரண்டு மாணவர்களோடு சேர்ந்து காமா கதிரைக் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்று செய்திருக்கிறோம். கதிர் பட்டால் ஒளிரும் சீசியம் அயோடைடு படிகம், அதன் பின்னால் அந்த ஒளியைப் பிடிக்கும் சிலிக்கான் சென்சார். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கிறது. அம்பத்தூர் கம்பெனி ஒன்று மொத்த உரிமையையும் 8 லட்சத்துக்குக் கேட்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் மேடம். அது நல்ல கம்பெனியாகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் கருவி எங்கெங்கே போய் உட்காரப்போகிறது என்று உங்களுக்கே இன்னும் தெரியாதபோது மொத்தமாக எழுதிக்கொடுப்பது, மனையை அளக்காமலே கிரயம் பண்ணுவது மாதிரி.

யோசித்துப் பாருங்கள். இதே கருவி கும்மிடிப்பூண்டி உருக்காலைக்குப் போகலாம், துறைமுகத்துக்குப் போகலாம், மருத்துவமனைக்குப் போகலாம், குழாய் வெல்டிங்கைக் கதிர் வைத்துப் படம் பிடிக்கிறவர்களின் கைக்கும் போகலாம். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய கருவிக்குள் இருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் பழைய இரும்புக் கடைக்கு வந்து, பிரித்தவர்கள் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்தே போனார். பழைய இரும்பு வாங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் விலை குறைவான, நம்பகமான கருவி வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதனால்தான் உங்கள் கருவி யாருடைய மேஜை டிராயரிலும் தூங்கிவிடக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குழு அப்படித்தான் பிரத்தியேக உரிமையை நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுத்தது. வாங்கிய கம்பெனி வேறு வேலையில் இறங்கிவிட்டது. நான்கு வருடம் கருவியும் வெளியே வரவில்லை, இவர்களாலும் வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

ஆகவே உரிமத்தைத் துண்டு போட்டுக் கொடுங்கள். உருக்காலையும் பழைய இரும்புக் கடையும் மட்டும் அவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்குள். மருத்துவமனையும் துறைமுகமும் உங்களிடமே இருக்கட்டும். முன்பணம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் ராயல்டி கேளுங்கள், விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சத் தொகையும் எழுதச் சொல்லுங்கள். 18 மாதத்துக்குள் இத்தனை கருவி களத்துக்குப் போகவில்லை என்றால் பிரத்தியேக உரிமை தானாகவே காலாவதி ஆகும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், ஏனென்றால் காப்புரிமைச் சட்டப்படி வாய்வார்த்தை உரிமம் செல்லாது. கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: உங்கள் கல்லூரியின் அறிவுசார் சொத்துக் கொள்கையை எடுத்துப் படியுங்கள், உரிமையாளர் கல்லூரியாகவே இருக்கலாம். அந்த இரண்டு மாணவர்களின் பெயரையும் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் போடாமல் காப்புரிமை விண்ணப்பம் போகக் கூடாது.

அப்புறம், "ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் ஏசி ஓடுகிறது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே, இரும்புத் தூசியில் அதே கருவியை வைத்துப் பார்த்தீர்களா? சூடு ஏற ஏற சிலிக்கான் சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு இறங்கும், கதிரே இல்லாமல் எழும் பொய்த் துடிப்புகள் கூடும். மின்னழுத்தத்தை வெப்பநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொடுக்கும் சுற்று இல்லை என்றால் காலையில் ஒரு எண், மதியம் இன்னொரு எண் காட்டும். சோடியம் அயோடைடை விட்டுவிட்டு சீசியம் அயோடைடைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. சோடியம் அயோடைடு ஈரத்தை உறிஞ்சும், மூடியில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், நம் கடற்கரை ஊர்க் காற்றில் படிகம் மஞ்சளடித்துவிடும்.

தொழில்நுட்ப முதிர்ச்சியை 1 முதல் 9 வரை படி போட்டுச் சொல்வார்கள். ஆய்வக மேஜையில் நிரூபித்தது நான்காவது படி. வாங்குகிறவர் நம்பிக் காசு கொடுப்பது ஏழுக்கு மேலே. நடுவில் உள்ள மூன்று படிக்குத்தான் உங்களுக்குக் கூட்டாளி வேண்டும். அந்தக் கம்பெனியிடம் 8 லட்சம் கேட்பதற்குப் பதிலாக, ஆறு மாதம் பத்துக் கருவியை உண்மையான குடோனில் வையுங்கள், பெட்டியும் போர்டும் அளவுத்திருத்தமும் கம்பெனியின் செலவு, பதிவாகும் அளவீடு இரண்டு பேருக்கும் சொந்தம் என்று கேளுங்கள். அந்த அளவீடு கையில் இருந்தால் அடுத்த பேச்சுவார்த்தையில் விலையைச் சொல்வது நீங்கள்தான்.

கேள்வி: அடையாறு ஆய்வு மாணவன். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் என் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். அணு சம்பந்தப்பட்டதற்குக் காப்புரிமையே கிடையாது என்கிறார்களே, பிறகு எதற்கு விண்ணப்பம்?

பதில்: பேசுவதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பத்தையாவது போட்டுவிடுங்கள் தம்பி, முழு விவரம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. மேடையில் சொல்லிவிட்டால் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும், பிறகு அழுது பயனில்லை.

நீங்கள் கேள்விப்பட்டது பழைய நிலை. 1962 அணுசக்திச் சட்டத்தின் 20வது பிரிவும் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 4வது பிரிவும் அணுசக்தி தொடர்பான கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமையை மறுத்தன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி என்ற புதிய அணுசக்திச் சட்டம் அமைதி வழிப் பயன்பாட்டுக்கான கண்டுபிடிப்புகளுக்குக் கதவைத் திறக்கிறது, நாட்டின் பாதுகாப்பைத் தொடும் விஷயங்களுக்குத் திறக்கவில்லை. உங்களுடையது எந்தப் பக்கம் விழும் என்பதை முடிவு செய்வது அரசு. வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் காப்புரிமைச் சட்டத்தின் 39வது பிரிவையும் பாருங்கள். முன் அனுமதி வாங்க வேண்டும், அணு அல்லது பாதுகாப்பு சார்ந்ததாக இருந்தால் மத்திய அரசின் சம்மதம் இல்லாமல் அந்த அனுமதியே வராது.

கேள்வி: திருமுடிவாக்கத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கம் இவற்றின் தொழில்நுட்பத்தை எங்களைப் போன்றவர்கள் வாங்க முடியுமா?

பதில்: தாராளமாக. தொழில்நுட்பப் பட்டியல் வெளிப்படையாகவே இருக்கிறது, விண்ணப்பம் போட்டு, கட்டணமும் ராயல்டியும் கட்டி, உரிமம் எடுக்கலாம். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் பாபாட்ரான் இயந்திரம் பாபா மையத்தில் பிறந்து பெங்களூரு கம்பெனி ஒன்றின் கையில் தயாராகி ஆஸ்பத்திரிகளுக்குப் போனது இந்த வழியில்தான். ஆனால் உரிமம் பெரும்பாலும் பிரத்தியேகமாக இருக்காது, பக்கத்துத் தெருக்காரரும் அதையே எடுக்கலாம். கையில் கிடைப்பது வரைபடமும் செய்முறையும் பயிற்சியும். கடையில் விற்கும் பொருளாக அதை மாற்றுவது உங்கள் பாடு, அந்தச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் எங்கள் சென்சாரின் வரைபடத்தை மெயிலில் கேட்கிறார். கூட்டாகத் தொழில் செய்யலாம் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: நிறுத்துங்கள். பெட்டியில் போட்டுக் கப்பலில் ஏற்றினால்தான் ஏற்றுமதி என்று இல்லை, கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தை மெயிலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். ஸ்கோமெட் என்ற அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலை எடுத்து வரிக்கு வரி பாருங்கள். அணு சம்பந்தப்பட்டவை அதில் பூஜ்யப் பிரிவில் வருகின்றன, அவற்றுக்கு உரிமம் தருவது அணுசக்தித் துறை. உங்கள் சென்சார் பட்டியலில் இல்லை என்று உறுதியான பிறகு, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் நண்பரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள்.