டிராயிங்ல இருக்கு, ஷெட்யூல்ல இல்ல: அந்த வேலைக்கு காசு கேக்கலாமா?

ஒரு கான்ட்ராக்டர் கேட்டிருக்கார். அரசு டெண்டர்ல ரீட்டெய்னிங் வால் (மண்ணு சரியாம தாங்கற சுவர்), ஐட்டம் ரேட் ஒப்பந்தம். டிராயிங்ல சுவருக்குப் பின்னாடி 600 மி.மீ. கனத்துக்கு ஃபில்டர் மீடியா, அதாவது தண்ணி வடியறதுக்கான ஜல்லி அடுக்கு, காட்டியிருக்கு, ஆனா ஷெட்யூல்ல (ஐட்டம் வாரியா ரேட் போடற பட்டியல்ல) அந்த ஐட்டமே விட்டுப்போச்சு. ஏ.இ. (உதவிப் பொறியாளர்) "போடுங்க, பில்லுல பாத்துக்கலாம்"னு வாயால சொன்னாராம், இவரும் போட்டுட்டார். இப்ப ஃபைனல் பில்லுல அது இல்ல, கேட்டா "அது உங்க ரேட்லயே அடக்கம்"ங்கறாங்க, இனிமே எதுவும் பாக்கி இல்லன்னு எழுதிக் கொடுத்தாத்தான் மிச்ச பணமே வரும்ங்கறாங்க.

சார், முதல்ல அந்தக் கையெழுத்து. பணத்துக்கு நெருக்கடி இருக்கும், புரியுது, ஆனா சும்மா போட்டுடாதீங்க, "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்"னு எழுதிட்டு போடுங்க. எழுத விடலன்னா அன்னிக்கே இ.இ.க்கு (செயற்பொறியாளருக்கு) பதிவுத் தபால்ல ஒரு லெட்டர் போகணும். நிர்ப்பந்தத்துல வாங்கின 'முழுத் தீர்வு' ரசீது க்ளெய்மை அடைச்சிடாதுன்னு போகாரா பாலிஃபேப் வழக்குல சுப்ரீம் கோர்ட் 2008லயே சொல்லிடுச்சு, ஆனா நிர்ப்பந்தம்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையிலதான், ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் வர்ற நிர்ப்பந்தத்தை யாரும் நம்ப மாட்டாங்க.

அடுத்து, அவங்க சொல்ற "அடக்கம்". இது லம்ப்சம் (மொத்த வேலைக்கும் ஒரே தொகை) ஒப்பந்தமா இருந்தா டிராயிங்ல இருக்கற எல்லாத்தையும் நீங்க பாத்துதான் ரேட் போட்டீங்கன்னு சொல்லி உங்க வாயை அடைச்சிடலாம். ஐட்டம் ரேட்ல அப்படி இல்ல, அளந்த வேலைக்கு அந்தந்த ஐட்டத்துக்குக் காசு, ஷெட்யூல்ல இல்லாதது எக்ஸ்ட்ரா ஐட்டம். ஆனா ஒரு சிக்கல், சுவரோட கான்கிரீட் ஐட்டம் வர்ணனைலயே "வீப் ஹோல் (சுவர்ல தண்ணி வடியற ஓட்டை), பின்பக்க நிரப்பு உட்பட"ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருந்தா உங்க கேஸ் பாதி போச்சு. கான்ட்ராக்டர்கள் ரேட் மட்டும் பாப்பாங்க, வர்ணனையை முழுசா படிக்கவே மாட்டாங்க, என் அனுபவத்துல தோத்த கேஸ் பலது அங்கதான் தோத்துச்சு.

"எழுத்துல ஆர்டர் இல்லாம எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்குக் காசு இல்ல"ன்னு ஒரு கிளாஸும் அனேகமா இருக்கும். ஏ.இ. வாய்ச்சொல் அங்க நிக்காது. ஆனா அந்த டிராயிங் ஒப்பந்தத்தோட சேர்ந்ததா, இ.இ. கையெழுத்து இருக்கா பாருங்க, இருந்தா அதுதான் எழுத்துல இருக்கற உத்தரவுன்னு வாதிடலாம். 1872 ஒப்பந்தச் சட்டம் 70வது பிரிவும் இருக்கு, இலவசமா செய்யற எண்ணம் இல்லாம சட்டப்படி ஒருத்தருக்கு வேலை செஞ்சு அவர் பலனை அனுபவிச்சா ஈடு கொடுக்கணும். அரசாங்கத்துக்கும் இது பொருந்தும்னு பி.கே.மண்டல் வழக்குல 1961லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துடுச்சு. ஆனா ஒப்பந்தமே அந்த விஷயத்தைப் பேசியிருந்தா 70ஐ தூக்கிட்டுப் போனா கோர்ட் தயங்கும், அதனால இதை ரெண்டாவது ஆயுதமா வச்சுக்குங்க.

இப்ப பெரிய தலைவலி, மண்ணு போட்டு மூடிட்டீங்க, ஃபில்டர் மீடியா கண்ணுக்கே தெரியாது. எம்.புக்ல (வேலை அளவு பதியற புத்தகத்துல) அளவு ஏறலன்னா என்ன இருக்கு? குவாரி டிரிப் ஷீட், ஜல்லி வாங்கின ஜிஎஸ்டி பில், மூடறதுக்கு முன்னாடி டேப் வச்சு எடுத்த போட்டோ, சைட் ஆர்டர் புக்ல ஏ.இ. போட்ட ஒரு இனிஷியல். எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்குங்க. தேவைப்பட்டா ரெண்டு மூணு இடத்துல ட்ரையல் பிட் தோண்டி கூட்டா அளக்கலாம்னு நீங்களே எழுத்துல கேளுங்க. அவங்க மறுத்தா அந்த மறுப்பே உங்களுக்குச் சாட்சி. ரேட்டுக்கு எஸ்.ஓ.ஆர். (அரசு ரேட் பட்டியல்) வச்சு டேட்டா, அதாவது ரேட் கணக்கு, போட்டு கொடுங்க, மார்க்கெட் ரேட் கனவெல்லாம் உங்க கிளாஸ்ல இருந்தா மட்டும்.

காலவரம்பு 3 வருஷம், வேலை முடிஞ்ச தேதியிலேர்ந்தே எண்ணிக்குங்க, லெட்டர் மேல லெட்டர் போட்டா கெடு நீளும்னு நினைக்காதீங்க, நீளாது. சிவில் கோர்ட்டுன்னா அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுல 2 மாச நோட்டீஸ் போகணும், ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) கிளாஸ் இருந்தா ரூட் வேற.

கான்கிரீட் ஐட்டத்தோட முழு வாசகத்தையும், ஒப்பந்தத்துல எக்ஸ்ட்ரா ஐட்டம் பத்தின கிளாஸையும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, அது ரெண்டையும் பாக்காம நோட்டீஸ் டிராஃப்ட் பண்றது வேலைக்காகாது.