சேலத்தில் இருந்துகொண்டு வெளியூரில் கோல்ஃப் கற்கிறேன், கோச்சை மாற்றலாமா?

சேலத்தில் இருந்து மாதம் ஒன்றிரண்டு முறை பெங்களூரு போய் கோல்ஃப் கற்கிறீர்கள். ஒன்றரை வருடமாகியும் டிரைவரில் (தூரம் அடிக்கும் நீளமான கிளப், அதாவது மட்டை) அடிக்கும் பந்து வலது பக்கமே வளைந்து போகிறது. கோச் நல்ல மனிதர், விட்டுப் போனால் மனம் நோவாரோ என்று தயக்கம். கட்டிய பணத்தில் இன்னும் நான்கு வகுப்புகள் மீதி இருக்கின்றன. கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன். நானும் சேலம்தான். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வலை கட்டி வைத்துப் பயிற்சி செய்கிறேன். பெங்களூரில் ஒருவரிடம் கற்று, பிறகு கோவையில் வேறு ஒருவரிடம் மாறியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கோரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில், கோச் பக்கத்தில் இல்லாத நாட்களில், எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? செய்தது சரியா தப்பா என்று நீங்களே கண்டுபிடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் மாற்றலாம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

பெங்களூரில் குடியிருக்கும் மாணவர் வாரம் இரண்டு முறை ரேஞ்சுக்கு, அதாவது பயிற்சி மைதானத்துக்கு, வருவார். அவருக்கு இன்று கிரிப்பில் (கிளப்பைப் பிடிக்கும் முறையில்) ஒரு சின்னத் திருத்தம், மூன்று நாள் கழித்து இடுப்பில் ஒரு திருத்தம் என்று கோச் சொல்லிக்கொண்டே போகலாம். தப்பாகப் பிடித்துக்கொண்டால் மூன்றாம் நாளே கண்ணில் பட்டுவிடும். நமக்கு அப்படி இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய் எல்லாம் தாண்டி 200 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்து, புதன்கிழமை காலையில் கிளப்பைக் கையில் எடுக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கைக்குக் கிடைத்த அந்த உணர்வு போயிருக்கும். என் பழைய மாஸ்டர் கேடியாக (ஆட்டக்காரரின் கிளப் பையைச் சுமக்கும் உதவியாளராக) இருந்து ஆடக் கற்று கோச் ஆனவர், அபாரமான கண் அவருக்கு. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு புது விஷயம் சொல்வார். காய்ச்சலுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு மாத்திரை எழுதித் தருவது போல. அவர் எதிரே நின்று அடிக்கும்போது பந்து நேராகப் போகும். ஊருக்கு வந்தால் போகாது. அவர் சொல்லிக்கொடுக்கும் முறை உள்ளூர்க்காரர்களுக்குப் பொருந்தியது, எனக்குப் பொருந்தவில்லை. இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை.

ஜாக் நிக்லாஸ் பத்து வயதில், 1950-ல், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் ஜாக் கிரௌட் என்பவரிடம் கோல்ஃப் கற்கத் தொடங்கினார். 1989-ல் கிரௌட் இறக்கும்வரை அவர்தான் கோச். ஆண்டுத் தொடக்கத்தில் அவரிடம் போய் கிரிப், நிற்கும் முறை என்று அடிப்படையில் இருந்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்வார். போட்டி நடக்கும் இடத்தில் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும்படி கிரௌட் அவரைப் பழக்கியிருந்தார். 18 மேஜர் பட்டங்கள் (கோல்ஃபின் மிகப் பெரிய நான்கு போட்டிகளின் பட்டங்கள்) வென்றவருக்கே அப்படிப்பட்ட கோச் தேவைப்பட்டார் என்றால், மாதம் ஒருமுறை கோச்சைப் பார்க்கும் நமக்கு அது எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

சரி, உங்கள் கோச் அப்படிப்பட்டவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மாஸ்டர், என் பந்து ஏன் வலது பக்கம் வளைகிறது?" பதிலைக் கவனமாகக் கேளுங்கள். இதற்கு உறுதியான பதில் உண்டு. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தில் படும் நொடியில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பது, அந்த முகத்துக்கும் கிளப் வீசப்படும் பாதைக்கும் இடையே உள்ள கோணத்தைப் பொறுத்தது. வலது கைக்காரருக்குப் பாதையைவிட முகம் வலது பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் வளையும். டிரைவரில் இன்னொன்றும் உண்டு: முகத்தின் நடுவில் படாமல் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) இருக்கும் பக்கமாகப் பட்டால், கிளப்பின் தலை லேசாகத் திரும்புவதால் பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சி, அதாவது வலது பக்கம் வளைக்கும் சுழற்சி, கூடிவிடும். ஆக, முகம், பாதை, பந்து படும் இடம் ஆகிய இந்த மூன்றில் எது உங்கள் சிக்கல் என்று அவர் சொல்ல வேண்டும்.

முன்பு பலரும் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பந்து பாதையின் திசையில் கிளம்பி, முகம் பார்க்கும் திசைக்குத் திரும்பும் என்பார்கள். டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் 2000-களில் வந்து அளந்து காட்டிய பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. பழைய பாடத்திலேயே நிற்கும் கோச், "பந்து வலது பக்கம் போகிறதா, இன்னும் இடது பக்கம் பார்த்து நில்லுங்கள்" என்பார். ஸ்லைஸ் அடிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வெளியிலிருந்து உள்ளே, இடது பக்கமாகத்தான் கிளப்பை வீசுகிறோம். இன்னும் இடது பக்கம் திரும்பி நின்றால் பாதை மேலும் இடது பக்கம் போகும், முகத்துக்கும் பாதைக்கும் நடுவில் உள்ள கோணம் கூடும், வளைவும் கூடும். ஒன்றரை வருடம் ஸ்லைஸ் நீங்காமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும். "தலையைத் தூக்கிவிட்டீர்கள்" என்பது மட்டுமே பதிலாக வந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

நல்ல பதில் கிடைத்தால் இரண்டாவது கேள்வி: "சேலத்தில் வலைக்குள் அடிக்கும்போது இதை நான் எப்படிச் சரிபார்ப்பது?" நம் ஆட்களுக்கு இதுதான் உயிர்நாடி. வலையில் பந்து எட்டுப் பத்து அடியில் நின்றுவிடும், வளைவு கண்ணுக்கே தெரியாது. பெரும்பாலான கோச்சுகள் இதைப் பற்றி யோசித்ததே இல்லை. கோவை மாஸ்டர் முதல் நாளே கேட்டது, "எங்கே பயிற்சி செய்கிறீர்கள்?" என்றுதான். வலை என்றதும் மூன்று ஏற்பாடுகள் சொன்னார். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வலையில் பந்துக்கு நேர் எதிரே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். பந்து ரிப்பனுக்கு வலது பக்கம் பட்டால், படும் நொடியில் முகம் பெரும்பாலும் வலது பக்கம் திறந்திருந்தது என்று அர்த்தம். வளைவு தெரியாவிட்டாலும் கிளம்பிய திசை தெரிந்துவிடும். அடுத்து, பந்துக்கு அந்தப் பக்கம், வலைக்கு எதிர்த் திசையில் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு காலி அட்டைப் பெட்டி. வெளியிலிருந்து உள்ளே வீசினால் கிளப் பெட்டியைத் தட்டிவிடும். பெட்டி தப்பினால் பாதை சரியாகிறது. மூன்றாவது, பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி. அந்தப் புள்ளி கிளப்பின் முகத்தை நோக்கி இருக்கும்படி பந்தை வைத்து அடித்தால், எங்கே பட்டது என்று முகத்தில் மை ஒட்டிக் காட்டும். துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். முகம், பாதை, பட்ட இடம் மூன்றும் கையில் இருந்தால், பந்து எப்படிப் போயிருக்கும் என்று வலைக்குள் நின்றே சொல்லிவிடலாம். இதற்குப் பிறகுதான் என் காலை நேரப் பயிற்சிக்கு ஒரு பொருள் வந்தது. சித்திரை, வைகாசியில் சேலத்து வெயிலில் ஏழரை மணிக்கு மேல் நிற்க முடியாது. கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் குருட்டாம்போக்கில் செலவழிக்க மனம் வருமா?

வீடியோ அனுப்பச் சொல்லும் கோச் என்றால் இன்னும் நல்லது. போனை எங்கே வைக்க வேண்டும் என்றும் அவரே சொல்லித்தர வேண்டும்: பின்பக்கத்தில் இருந்து எடுத்தால் கை உயரத்தில், கைகளுக்கு நேர் பின்னால். கோணம் கொஞ்சம் தள்ளினாலும் நல்ல ஸ்விங்கும் (கிளப் வீச்சும்) தப்பாகத் தெரியும்.

மாற்றக்கூடாத நேரமும் உண்டு. உங்கள் கோச் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்புதான் ஒரு பெரிய மாற்றத்தைத் தொடங்கி, "கொஞ்ச நாள் ஸ்கோர் ஏறும், பொறுங்கள்" என்று (கோல்ஃபில் ஸ்கோர் ஏறினால் ஆட்டம் மோசம் என்று அர்த்தம்) முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொறுக்கத்தான் வேண்டும். இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1985-ல் டேவிட் லெட்பெட்டர் என்ற கோச்சிடம் போய்த் தன் ஸ்விங்கையே பிரித்துக் கட்டினார். இரண்டு வருடம் போல ஆட்டம் தடுமாறியது. 1987-ல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் மேஜர்களில் ஒன்றான ஓபன் பட்டம் வென்றார், கடைசி நாளில் 18 குழிகளிலும் பார் (அந்தக் குழிக்கு நிர்ணயித்த ஷாட் கணக்கு). டைகர் உட்ஸும் தன் கோச் புட்ச் ஹார்மனை விட்டு ஹாங்க் ஹேனியிடம் மாறிய காலத்தில், 2003, 2004 இரண்டு வருடமும் ஒரு மேஜர்கூட வெல்லவில்லை. 2005-ல் இரண்டு வென்றார். ஆட்டம் இறங்குவது மட்டும் கெட்ட அறிகுறி ஆகாது. எதற்காக இறங்குகிறது, எப்போது ஏறும் என்று கோச்சுக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை வருடம் எந்தப் பெயரும் இல்லாத திருத்தங்களாகவே போயிருந்தால் அது வேறு கதை.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள். இந்த ஒன்றரை வருடத்தில் சிப்பிங் (கிரீன் என்னும் குழியைச் சுற்றிய புல்தரைக்கு அருகில் இருந்து சின்னதாகத் தூக்கி அடிப்பது), பட்டிங் (குழியை நோக்கிப் பந்தை உருட்டுவது) எவ்வளவு சொல்லிக்கொடுத்தார்? பார் 72 என்ற கணக்கிலேயே 36 ஷாட் பட்டிங்குக்கு ஒதுக்கியதுதான். டிரைவரை ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 தடவை எடுப்போம். முழு நேரமும் டிரைவரிலேயே போயிருந்தால், கேட்டு வாங்குங்கள். பட்டிங்குக்கு வலைகூட வேண்டாம், ஹாலில் ஒரு கம்பளம் போதும்.

புதியவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? யாரிடமும் பத்து வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு வகுப்பு போங்கள். ஏற்கெனவே ஒருவரிடம் கற்கிறேன் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், ஆனால் பழையவர் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டாம்; அவர் கண்ணால் அவரே பார்க்கட்டும். முதல் பதினைந்து நிமிடத்தில் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள்: முதுகு, முழங்கால் வலி உண்டா, எங்கே பயிற்சி, வாரம் எத்தனை மணி நேரம், யாருடைய கிளப்புகள். (பழைய செட் வாங்கியிருந்தால் ஷாஃப்ட் உங்களுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.) எதுவும் கேட்காமல் கிரிப், நிற்பது, பின்வீச்சு எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் மாற்றுபவரிடம் திரும்பிப் போக வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, அதை உங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புபவர் கிடைத்தால் விடாதீர்கள். பெங்களூரா கோவையா என்பது இரண்டாம் பட்சம். சங்ககிரி, பெருந்துறை வழியாகக் கோவைக்குப் போவது எனக்குக் கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

மாறிய பிறகு குறைந்தது ஆறு மாதம் அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது, யூடியூபில் வருவது எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள். ஒவ்வொரு மாற்றமும் பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாக எழுதும் வேலை. பாதியில் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

அப்புறம் அந்தத் தயக்கம். நமக்குச் சொல்லிக்கொடுத்தவரை விட்டுப் போவது மனதை உறுத்தும். உறுத்த வேண்டும், அது நல்ல குணம். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாது என்கிறேன். வாட்ஸாப்பில் வேண்டாம், போன் செய்யுங்கள். "மாஸ்டர், உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். மாதம் ஒருமுறைதான் வர முடிகிறது, ஊரில் தனியாகப் பயிற்சி செய்யும்படி ஒரு முறை எனக்கு வேண்டியிருக்கிறது. அதனால் ஸ்விங்குக்கு வேறு ஒருவரிடம் போகிறேன்" என்று சொன்னால் போதும். அவரிடம் குறை கண்டு பட்டியல் போட வேண்டியதில்லை. என் மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல சார், வாங்க போங்க, பார்த்தா பேசுங்க" என்றார். இப்போதும் பெங்களூரு போனால் அவரைப் பார்க்காமல் வருவதில்லை.

மீதி இருக்கும் நான்கு வகுப்புகளை வீணாக்க வேண்டாம். அவற்றைச் சிப்பிங், பங்கர் (மணல் பள்ளத்தில் இருந்து அடிப்பது), பட்டிங்குக்கு என்று அவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முழு ஸ்விங்குக்கு ஒருவர், கிரீனைச் சுற்றிய ஆட்டத்துக்கு ஒருவர் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களே வைத்துக்கொள்கிறார்கள். புதியவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், இருவர் பாடமும் ஒன்றோடொன்று மோதாமல் அவர் பார்த்துக்கொள்வார்.