எம்.ஆர்.ஐ. நார்மல், பிறகு எதற்கு இ.இ.ஜி.?

கேள்வி: 12 வயது மகனுக்குப் பள்ளியில் வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இப்போது இ.இ.ஜி. எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அவ்வளவு பெரிய மெஷினில் தெரியாதது இதில் தெரிந்துவிடுமா?
- ஒரு வாசகி

பதில்: தெரியலாம் அம்மா, அவசியம் எடுங்கள். எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் அமைப்பை. கட்டி, பழைய தழும்பு, பிறவியிலேயே சரியாக அமையாத மடிப்பு எல்லாம் அதில் தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. (தலையில் அடிபட்டு வருபவருக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள், ரத்தக்கசிவு இருந்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.) ஆனால் வலிப்பு வருவது, நரம்பு செல்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியேற்றுவதால். அமைப்பில் ஒரு குறையும் இல்லாத மூளையிலும் இது நடக்கும். மூளையின் இந்த மின்துடிப்பைப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி., நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்து மாற்றத்தைக்கூட அது பிடித்துவிடும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார், நூறு வருஷம் கழித்தும் வலிப்பு என்றால் டாக்டர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

மூளை வேலை செய்வதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். அது ரத்த ஓட்டத்தை வைத்துக் கணிப்பது, எந்த இடம் என்று சில மில்லிமீட்டர் அளவுக்குச் சொல்லும், ஆனால் ரத்தம் அங்கே கூடுவதற்கே ஐந்தாறு நொடி ஆகிவிடும். இ.இ.ஜி. இதற்கு நேர்மாறு: நேரத்தில் கெட்டி, இடத்தைச் சொல்வதில் கொஞ்சம் சுமார். அதனால்தான் மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு ஆபரேஷன் என்றால் எம்.ஆர்.ஐ., வீடியோ எடுத்தபடியே பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி., சில சமயம் மூளை சர்க்கரையைப் பயன்படுத்துவதைக் காட்டும் பெட் ஸ்கேன் வரை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள்.

பையனைத் தலைக்குக் குளிக்க வைத்து, எண்ணெய் தடவாமல் கூட்டிப் போங்கள். தலையில் பசை வைத்து இருபது வயர் போல ஒட்டுவார்கள், ஷாக் எதுவும் கொடுப்பதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள். மூச்சை வேகமாக இழுத்து விடச் சொல்வார்கள், அப்புறம் கண்ணெதிரே விளக்கை மினுக்குவார்கள், ஒளிந்திருக்கும் கோளாறு வெளியே வரட்டும் என்று.

இதுவும் நார்மல் என்று வந்தால் வலிப்பு நோயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த அரை மணி நேரம் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பள்ளியில் பார்த்தவர்களிடம் எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள், யாராவது செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது, டாக்டருக்கு அதுவும் ஒரு டெஸ்ட் மாதிரிதான்.