பாயும் பரம்பரையலகுகள், நஞ்சு தின்னும் பற்றீரியாக்கள்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்கு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் பணியாற்றும் ஒருவர் பதிலளிக்கிறார்.

உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி: பரம்பரையலகு இடம் மாறுமா, சேர்?

மாறும், மகள். பல நிறச் சோளப்பொத்தி ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளிறிய மணியில் ஊதாப் புள்ளிகள் தெறித்திருக்கும். நிறம் தரும் பரம்பரையலகுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டு பாய்ந்ததால் மணி வெளிறியது. மணி வளரும்போது சில கலங்களில் அத்துண்டு கிளம்பிவிட, அங்கே ஊதா திரும்பியது. அமெரிக்க விஞ்ஞானி பார்பரா மக்லின்டொக் இதை 1950 இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. நோபல் பரிசு 1983 இல்தான் கிடைத்தது. அந்த 33 ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

விவசாயி, அக்கரைப்பற்று: வயலுக்கு அடித்த எம்.சி.பி.ஏ. களைநாசினி எங்கே போகிறது?

பெரும்பகுதியை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் தின்றுவிடுகின்றன, காக்கா. அதற்குரிய நொதியங்களின் பரம்பரையலகுகள் பெரும்பாலும் பிளாசுமிட்டு என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். ஒரு பற்றீரியா இன்னொன்றோடு ஒட்டிநின்று அந்த வளையத்தின் பிரதியைக் கொடுத்துவிடும். வேறு இனத்துக்கும் கொடுக்கும். அதனால்தான் பல போகம் அதே மருந்து அடித்த மண்ணில் அது விரைவாகச் சிதைகிறது.

ஆய்வுகூடத்தில் களைநாசினியைத் தவிர வேறு உணவில்லாத ஏகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் வயல் மண்ணைக் கரைத்துப் பூசுவோம். சில நாளில் குண்டூசித் தலையளவு வெண்புள்ளிகள் எழும். நஞ்சையே உண்டு வளர்ந்தவை அவை! ஆனால் இதை நம்பி அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். ஒட்சிசன் இல்லாத அடிச்சேற்றில் இந்த வேலை மிக மந்தம்.

மீனவர், கல்லடி: 2020 இல் சங்கமன்கண்டிக்கு அப்பால் எரிந்த நியூ டயமண்ட் கப்பலின் எண்ணெய் கரைக்கு வந்திருந்தால் பற்றீரியா காப்பாற்றியிருக்குமா?

உடனே காப்பாற்றியிராது, ஐயா. அதில் ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. அது கொட்டாமல் போனது நமது பாக்கியம். கசிந்தது எஞ்சின் எரிபொருளே. எண்ணெய் தின்னும் அல்கனிவொராக்ஸ் என்ற பற்றீரியா கடலிலேயே உண்டு. எண்ணெயில் காபன் தாராளம், நைதரசனும் பொசுபரசும் பற்றாது. 1989 இல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் படிந்த கரைகளுக்கு உரம் இட்டது அதற்காகத்தான். அப்படியும் மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு ஆகும். கண்டல் சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயோ பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆகவே முதலில் மிதவைத்தடை போட்டு வாவியின் முகத்துவாரத்தைக் காக்க வேண்டும்.

வாசகர், வாழைச்சேனை: ஆய்வுகூடத்தில் உருவாக்கிய பற்றீரியாவை வாவியில் விடலாமே?

விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தி எண்ணெயைச் சிதைக்க உதவும் பல பிளாசுமிட்டுகளை ஒரே பற்றீரியாவில் சேர்த்தார். 1980 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை பெறலாம் என்றது. எனினும் நான் வாவியில் விடச் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து வருவது பெரும்பாலும் உள்ளூர்ப் பற்றீரியாக்களோடு போட்டியிட்டுத் தாக்குப்பிடிப்பதில்லை. அதன் பரம்பரையலகுகள் வேறு எதற்குள் புகும் என்பதும் நம் கையில் இல்லை.